செமினரி வந்து அஞ்சு மாசம் ஆச்சு, படிக்க படிக்க ஜெபம் வரமாட்டேங்குது. ஊர்ல போயி என்னத்தப் பேச?

உசிலை_தம்பி கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன், எழுதுறது இதுதான் மொத தடவ. கொஞ்சம் நீளமாப் போயிரும், பொறுத்துக்கங்க.

நான் உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். பி.காம் முடிச்சுட்டு திருமங்கலத்துல செல்போன் கடையில மூணு வருஷம் வேல பாத்தேன். ஆயர் (பாஸ்டர்) ஆகி ஊழியம் செய்ய ஆண்டவரோட அழைப்பு இருக்குன்னு மனசுக்குள்ள ரொம்ப நாளா ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஒருநாள் எங்க ஆயர் ஐயாட்ட சொல்லிட்டேன், அப்பறம் பக்கத்துச் சபைகளெல்லாம் சேந்த சேகரத்தோட கமிட்டி, அதுக்கு மேல டயோசிஸ் (திருமண்டலம்) இன்டர்வியூ, மெடிக்கல்னு எல்லாம் தாண்டி இந்த ஜூன்ல மதுரையில ஒரு இறையியல் கல்லூரில, அதாவது செமினரில, ஆயர் ஆகுறதுக்கான பி.டி. படிப்புல சேந்துருக்கேன். நாலு வருஷப் படிப்பு. பரீட்சை வைக்கிறது செராம்பூர் செனட்னு ஒரு இறையியல் பல்கலைக்கழகம்.

காலைல அஞ்சரைக்கு மணி அடிப்பாங்க. சேப்பல் முடிச்சு டிபன், அப்பறம் மத்தியானம் வரைக்கும் கிளாஸ்தான். சாயங்காலம் தோட்டத்துல கொஞ்ச நேரம் வேல, வாலிபால், ராத்திரி பத்து வரைக்கும் லைப்ரரி. ரூம்ல மூணு பேரு, ஒருத்தன் ராமநாதபுரம் கடற்கரைக்காரன், இன்னொருத்தன் நாகர்கோவில். சாப்பாட்டுல கொற ஒண்ணும் இல்ல. வாத்தியாருங்களும் நல்லவங்க, அத மொதல்லயே சொல்லிர்றேன், ஏன்னா நான் சொல்லப் போற கஷ்டம் காலேஜ் மேல இல்ல, எனக்குள்ளதான்.

புதிய ஏற்பாட்ட மொதல்ல எழுதுன மொழி கிரேக்கம், அது எனக்குப் புடிச்சுருக்கு. மொத நாள் கிளாஸ்ல சார் சீகன்பால்குங்குற ஜெர்மன் மிஷனரி கதையச் சொன்னாரு, 1706-ல தரங்கம்பாடில வந்து எறங்குன மனுசன் சின்னப் புள்ளைகளோட திண்ணைப் பள்ளிக்கூடத்துல ஒக்காந்து மணல்ல வெரல வச்சு அ ஆ எழுதிப் பழகுனாருன்னு. நீங்களும் இப்ப அப்படித்தான், வெக்கப்படாதீங்கன்னாரு. 24 எழுத்து, ஒரே வாரத்துல படிச்சுட்டோம். பழைய கல்யாணப் பத்திரிகையெல்லாம் சின்னச் சின்னதா வெட்டி, அதோட பின்பக்கத்துல வார்த்தைய எழுதி சட்டப்பையில வச்சுருக்கேன், மெஸ் வரிசைல நிக்கும்போதெல்லாம் எடுத்துப் பாப்பேன். லூஓ, லூஏய்ஸ், லூஏய். அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான். மொத மொதல்ல சொல்லிக் குடுக்குற வினைச்சொல் அதுதான்.

பழைய ஏற்பாடு கிளாஸ்லதான் ஆடிப் போயிட்டேன். ஆதியாகமம் ஒண்ணாம் அதிகாரத்துல மொதல்ல மரஞ்செடி, அப்பறம் மிருகம், கடைசில ஆணும் பொண்ணும் சேந்து. ரெண்டாம் அதிகாரத்துல மனுசன் மொதல்ல, அப்பறம் தோட்டம், அப்பறம் மிருகங்க, கடைசில ஏவாள். ஒண்ணாம் அதிகாரம் பூரா 'தேவன்', ரெண்டு நாலுக்கு மேல 'தேவனாகிய கர்த்தர்'. இது ரெண்டு தனித்தனி மரபு, பின்னால சேத்தது, வெல்ஹாவுசன்னு ஒரு ஜெர்மன்காரரு 1878-ல எழுதுனாரு, இப்ப அவரு சொன்னதுலயே எத்தனையோ மாத்திட்டாங்கன்னு போகுது கிளாஸ். ராத்திரி ரூமுக்கு வந்து, அம்மா எனக்குக் குடுத்துவிட்ட பழைய பைபிள எடுத்துப் பாத்தேன். அப்படியேதான் இருக்கு. அம்மா மஞ்சக் கையோட புரட்டுன பக்கம் அது, ஓரமெல்லாம் மஞ்சக் கற. இத்தன வருஷமா எங்க கண்ணு முன்னாலதான் இருந்துருக்கு, நாங்க பாக்கல.

இதுனால விசுவாசம் போயிருச்சுன்னு சொல்லல. ஆனா ஜெபம் பண்ண முட்டி போட்டா வார்த்த வரமாட்டேங்குது. வாயத் தொறந்தா ஒவ்வொரு வார்த்தையும் இது எந்த அர்த்தத்துல சொல்றோம்னு மனசு பிரிச்சுப் பாக்குது. போன மாசம் எங்கள ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்கு ஊழியப் பயிற்சிக்கு அனுப்புனாங்க. கால் எடுத்த ஒருத்தரு, எங்கப்பா வயசு இருக்கும், என் கையப் புடிச்சுக்கிட்டு 'தம்பி ஒரு ஜெபம் பண்ணுய்யா'ன்னாரு. நான் நின்னேன். ஒண்ணும் வரல. கர்த்தருடைய ஜெபத்த மட்டும் வேகமாச் சொல்லிட்டு வந்துட்டேன். அவரு கைய விடாம இன்னும் ஏதோ வரும்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. அந்த மொகம் இன்னும் போகல.

எங்கம்மா மல்லிப்பூ எடுக்கப் போறவங்க. விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு காட்டுக்குப் போயிருவாங்க, மொட்டு விரியுறதுக்கு முன்னால எடுத்தாகணும். எடுத்துக்கிட்டே ஜெபம் பண்ணுவாங்க. இப்பத்தான் எங்க ஊர்ச் சபையப் பாத்துக்கிற உபதேசியார் போன் போட்டு, டிசம்பர் மொத ஞாயிறு நம்ம சபையில நீதான் பிரசங்கச் செய்தி குடுக்கணும், ஊர்ல எல்லாரும் எதிர்பாக்குறாகன்னாரு. கிளாஸ்ல படிச்சதச் சொன்னா அம்மா மாதிரி ஆளுக மனசு ஒடஞ்சுருமோன்னு பயமா இருக்கு. சொல்லாம பழையபடியே பேசுனா நான் மறைக்குற மாதிரி இருக்கு. இதுக்கு நடுவுல எப்படி நிக்குறது? ஜெபம் திரும்ப வருமா? இதத் தாண்டி வந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

சாட்சி_77:

தம்பி, அன்போட சொல்றேன். நான் படிச்சவன் இல்ல, மாட்டுத்தாவணில லோடு ஆட்டோ ஓட்டுறேன், குடியில கெடந்தவன், 2004-ல ஆண்டவர் என்னத் தொட்டாரு. எனக்கு எந்த காலேஜும் சொல்லித் தரல. 'எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது'ன்னு வசனமே இருக்கு. அந்தப் பாடமெல்லாம் உன் அக்கினிய அவிச்சுப் போட்டுரும். மூணு நாள் உபவாசம் இரு, யாரையாச்சும் கூடச் சேத்துக்கிட்டு முழு ராத்திரி ஜெபம் பண்ணு. அந்தக் கால் போன மனுசனுக்காக நானும் இன்னைக்கு ராத்திரி ஜெபிக்கிறேன்.

கிராமத்து_ஆயர்:

தம்பி, நான் குருப்பட்டம் வாங்கி 22 வருஷம் ஆச்சு, பெரும்பாலும் மேலூர், சிவகங்கைப் பக்கத்துக் கிராமச் சேகரங்கதான். மேல எழுதுன சகோதரருக்கு ஒரு வார்த்த. அண்ணே, அந்த வசனம் படிப்பப் பத்தி இல்ல. ரெண்டாம் கொரிந்தியர் மூணாம் அதிகாரத்த முன்ன பின்ன சேத்து வாசிச்சுப் பாருங்க, கல்லுல எழுதுன நியாயப்பிரமாணத்தையும் (மோசே வழியா வந்த சட்டம்) மனசுல எழுதுற புது உடன்படிக்கையையும் வச்சுப் பேசுறாரு பவுல், அவரே கமாலியேல்னு ஒரு பெரிய யூத வாத்தியார் பாதத்துல ஒக்காந்து படிச்சவரு. ஆனா நீங்க ராத்திரி அந்த மனுசனுக்கு ஜெபிக்கிறேன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு நான் தல வணங்குறேன்.

தம்பி, இப்ப ஒனக்கு. நான் மொத வருஷம் முடிச்சு லீவுல ஊருக்குப் போயி, பிரசங்க மேடைல ஏறி, பைபிளோட மொத அஞ்சு புஸ்தகத்த, மோசேயோட ஆகமம்னு சொல்றத, மோசே எழுதலன்னு நாப்பது நிமிசம் பேசுனேன். நோட்டுல இருந்தத அப்படியே எறக்கி வச்சேன். ஆராதனை முடிஞ்சு எல்லாரும் போன பெறகு வாசல்ல ஒரு பெரியவரு நின்னாரு, தோள்ல துண்டு, கண்ணு கலங்கியிருந்துச்சு. 'தம்பி, மோசே எழுதலன்னா எழுதாமப் போகட்டும். நாளைக்கு எம் மகளுக்கு ஆப்பரேசன். நான் இன்னைக்கு ராத்திரி என்ன சொல்லி ஜெபிக்க? அதக் கேக்கத்தான் கோயிலுக்கு வந்தேன்'னாரு. எனக்கு இன்னைக்கும் மேடை ஏறுனா அவரு துண்டுதான் ஞாபகம் வருது.

அதுக்காக மறைக்கவும் வேணாம். ஜனங்க நெனைக்கிறத விட கெட்டிக்காரங்க. ரெண்டு சிருஷ்டிப்பு இருக்குறத எத்தனையோ பாட்டிமாரு எங்கிட்டயே கேட்டுருக்காங்க, 'மொதல்ல யாரப் படச்சாரு ஐயா, ரெண்டு மாதிரி போட்டுருக்கே'ன்னு. அதுக்கு வேதபாட வகுப்பு இருக்கு, ஒக்காந்து காப்பித் தண்ணியோட ரெண்டு மணி நேரம் பேசலாம், அவங்க திருப்பிக் கேள்வி கேக்க எடம் இருக்கும். பிரசங்கத்துல அவங்க திருப்பிக் கேக்க முடியாது. திருப்பிக் கேக்க முடியாத எடத்துல ஒருத்தரோட அஸ்திவாரத்தத் தோண்டிப் போட்டுட்டு ஆமென் சொல்லிட்டு எறங்கக் கூடாது.

ஜெபத்துக்கு: சொந்த வார்த்த வரலேன்னா கடன் வாங்கு. சங்கீதம் அதுக்குத்தான் இருக்கு. 13-ஐ எடு, 'எதுவரைக்கும்'னுதான் ஆரம்பிக்கும். 88-ஐ எடு, கடைசி வரைக்கும் வெளிச்சமே வராது, இருட்டுலயே முடியும், அதையும் வேதம்னு உள்ள வச்சுருக்காங்களே. வார்டுல ஒரு காரியம் பண்ணு. மொதல்ல ஒக்காரு. நின்னுக்கிட்டே ஜெபிக்காத. அவரு பேரக் கேளு, வீட்டுல யாரெல்லாம்னு கேளு. அந்தப் பேருகளச் சொன்னாலே பாதி ஜெபம் முடிஞ்சுரும். நீ அன்னைக்குச் சொன்ன கர்த்தருடைய ஜெபம் கொறஞ்ச ஜெபம்னு எவன் சொன்னான்?

சேசு_சபை_பிரதர்:

வணக்கம் பிரதர், நான் கத்தோலிக்கம், சேசு சபைங்குற துறவற சபையில பயிற்சியில இருக்கேன். எங்களுக்கு மொதல்ல ரெண்டு வருஷம் நவசந்நியாசம்னு தொடக்கத் துறவுப் பயிற்சி, அதுக்குள்ள 30 நாள் மவுன தியானம், அதெல்லாம் முடிஞ்சுதான் தத்துவப் படிப்புக்கே விடுவாங்க. அப்படி இருந்தும் படிப்புக்கு வந்த உடனே ஜெபம் காஞ்சு போச்சு. அதுனால நீங்க சொல்றது உங்க ஒருத்தருக்கு மட்டும் வந்த வியாதி இல்ல.

எங்க ஆன்ம குரு ஒரு விசயம் சொன்னாரு. எங்க சபைய ஆரம்பிச்ச புனித இக்னாசியாருக்கு 33 வயசு இருக்கும்போது பார்சிலோனாவுல சின்னப் பசங்களோட ஒக்காந்து லத்தீன் இலக்கணம் படிச்சாரு. அவருக்கு நடந்தது உங்களுக்கு நேர் எதிர். இலக்கணத்த மனப்பாடம் பண்ண ஒக்காந்தாலே பரவச தியானமா வந்து கொட்டுமாம், ஒரு வாய்ப்பாடு தலையில ஏறாதாம். கோயில்ல ஜெபிக்கும்போது கூட இம்புட்டு வரலியே, படிக்க ஒக்காந்தா மட்டும் ஏன் வருதுன்னு யோசிச்சு, இது சோதனைன்னு கண்டுபிடிச்சு, வாத்தியார்ட்ட போயி, இனிமே உங்க வகுப்ப ஒருநாளும் தவறவிட மாட்டேன்னு வாக்குக் குடுத்தாரு. பின்னால சபைக்குச் சட்டம் எழுதும்போது படிக்கிற பசங்க ஜெபத்த நீட்டிக்கிட்டே போகக் கூடாதுன்னே வச்சாரு. படிக்கிற காலத்துல படிப்புதான் காணிக்கை.

நம்ம மதுரைக்கே வாங்க. எங்க சபைக் குரு, இத்தாலிக்காரரு ராபர்ட் தெ நோபிலி 1606-ல இங்க வந்து தமிழும் சமஸ்கிருதமும் எத்தன வருஷம் ஒக்காந்து படிச்சாரு. அந்த மேசையில ஒக்காந்த நேரமெல்லாம் ஊழியம் இல்லன்னு சொல்ல முடியுமா. ராத்திரி படுக்குறதுக்கு முன்னால ஒரு பத்து நிமிசம் அன்னைக்கு நடந்தத மட்டும் ஒண்ணொண்ணா ஓட்டிப் பாருங்க, எங்க சந்தோசம் வந்துச்சு, எங்க மனசு சுருங்குச்சுன்னு. வார்த்த தேவையில்ல.

வைகைக்கரை_அக்கா:

தம்பி, நான் பி.டி. கடைசி வருஷம். பொண்ணு. ஊருக்குப் போனா இன்னும் 'எந்த ஆயரக் கட்டிக்கப் போற'ன்னுதான் கேக்குறாங்க, நானே ஆயராகப் படிக்கிறேன்னு சொன்னா சிரிக்கிறாங்க. அது தனிக் கத, இப்ப வேணாம்.

ஒனக்கு லூஓ புடிக்கும்னு எழுதியிருக்க. அதுனால இதச் சொல்றேன். வெளிப்படுத்தல் 1:5 எடு. நம்ம பழைய பைபிள்ல 'நம்முடைய பாவங்களற நம்மைக் கழுவி'ன்னு இருக்கும். புது மொழிபெயர்ப்புகள்ல பாத்தா பாவத்துல இருந்து விடுதலை பண்ணாருன்னு இருக்கும். எது சரின்னு நான் மொத வருஷம் கொழம்பி, கிரேக்க புஸ்தகத்தோட அடிக்குறிப்பப் பாத்தேன். பழைய கையெழுத்துப் பிரதிகள்ல 'லூசான்டி', அவிழ்த்துவிட்டவர். பின்னால வந்த பிரதிகள்ல 'லோஊசான்டி', கழுவுனவர். நடுவுல ஒரே ஒரு ஓமிக்ரான் எழுத்து. காதுல கேட்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. யாரோ ஒரு மனுசன் வெளக்கு வெளிச்சத்துல எழுதும்போது ஒரு எழுத்து கூடிப் போச்சு, அதுல இருந்து நம்ம அம்மாமாரு வரைக்கும் கழுவுனார் கழுவுனார்னு பாடி அழுதாங்க. அது பொய்யா? இல்லையே. கழுவுனதும் உண்மை, அவிழ்த்ததும் உண்மை. அன்னைக்கு லைப்ரரில உக்காந்து நான் அழுதுட்டேன் தம்பி, அதுதான் நாலு மாசத்துக்கு அப்பறம் எனக்கு வந்த மொத ஜெபம். படிப்பு வழியாவே வந்துச்சு. வேற எங்கயும் தேடாத, அந்தக் கல்யாணப் பத்திரிகை அட்டைகள விட்டுறாத.

கடைசி_பெஞ்சு_வாத்தியார்:

நான் ரிட்டயர்டு வாத்தியார், சபையில கடைசி பெஞ்சு. எங்க சபைக்கு வருஷா வருஷம் செமினரி பசங்க வருவாங்க. கேக்குறவன் பக்கத்துல இருந்து ஒண்ணே ஒண்ணு. எங்களுக்கு ஆச்சரியமான செய்தி வேணாம். நீங்க நெசமாப் பாத்த ஒண்ணச் சொல்லுங்க. பதினஞ்சு நிமிசத்துக்கு மேல போகாதீங்க, மத்தியானச் சமையல் கெடக்கு வீட்டுல.

உசிலை_தம்பி:

எல்லாருக்கும் நன்றி, பதில் எழுத லேட்டாயிருச்சு, பரீட்ச இருந்துச்சு. ஒவ்வொருத்தரு எழுதுனதையும் ரெண்டு மூணு தடவ படிச்சேன். சாட்சி அண்ணே, நீங்க ஜெபிக்கிறேன்னு எழுதுனது எனக்கு ரொம்பத் தெம்பா இருந்துச்சு, உபவாசம் மூணு நாள் முடியல, ஒருநாள் இருந்தேன்.

ஊருக்கு வெள்ளிக்கெழமயே போயிட்டேன். சனிக்கெழம விடியக்காலம் அம்மா கூட நானும் காட்டுக்குப் போனேன். சின்னதுல போனது, அப்பறம் போனதே இல்ல. பனிக்காலம், பூ ரொம்பக் கம்மி, அதுனாலதான் இப்ப வெல ஏறிக் கெடக்கு. அம்மா தலைல டார்ச் லைட்டக் கட்டிக்கிட்டு சேலைய மடியாக் கட்டி ஒவ்வொரு செடியாக் குனிஞ்சு குனிஞ்சு எடுக்குறாங்க, பனி எல மேலயெல்லாம் நிக்குது, கை வெறச்சுப் போகுது. நானும் எடுத்தேன், ஆனா அம்மா நாலு எடுக்குற நேரத்துக்கு எனக்கு ஒண்ணுதான் வந்துச்சு. எடுக்கும்போது அம்மா மொனங்கிக்கிட்டே வந்தாங்க. கிட்டப் போயி கேட்டேன். பெரிய ஜெபம்லாம் இல்ல. பேருதான். 'மாரியம்மா மகன் கொடல் வலி. மேலத்தெரு டீச்சரு. கருப்பையா மாமா கெணறு.' அம்புட்டுத்தான், ஒரு செடிக்கு ஒரு பேரு, அடுத்த செடிக்கு அடுத்த பேரு. மாமா கிறிஸ்தவரு கூட இல்ல. ஒரு செடில எம் பேரு வந்துச்சு. நான் பக்கத்துல நிக்கிறேன்னு பாக்காம, தூரத்துல இருக்குற புள்ளைக்குச் சொல்ற மாதிரியே சொல்லிட்டு அடுத்த செடிக்குப் போயிட்டாங்க. ஆயர் ஐயா, நீங்க பேருகளச் சொல்லச் சொன்னது எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு.

விடிஞ்சதும் வரப்புல வந்து எட போடுற எடத்துல அம்மா மடி முடிச்ச அவிழ்த்தாங்க. நனஞ்ச சேல, முடிச்சு எறுகிப் போயிருச்சு, வெறச்ச கையால வரல. பக்கத்துல நின்ன இன்னொரு அம்மா வந்துதான் அவிழ்த்துவிட்டாங்க, பூ மொத்தமும் சாக்கு மேல கொட்டுச்சு. எனக்கு சட்டப்பையில இருந்த அட்டை ஞாபகம் வந்துச்சு.

ஞாயித்துக்கெழம யோவான் 11 எடுத்தேன். செத்துப் போயி கல்லறைல வச்ச லாசரு, இயேசு கூப்பிட்டதும் உசுரோட வெளிய வந்துட்டாரு, ஆனா கைகால் கட்டியிருக்கு, தானா அவிழ்க்க முடியாது. இயேசு பக்கத்துல நின்னவங்களப் பாத்து அவிழ்த்துவிடுங்கன்றாரு, லூசாத்தே, அதே லூஓதான். இதச் சொல்லி, மடி முடிச்சச் சொன்னேன். அக்கா சொன்ன கழுவுனதும் அவிழ்த்ததும் அதையும் சொன்னேன், ஒரு எழுத்து மாறுனதையும் மறைக்காமச் சொன்னேன். யாரும் ஒடஞ்சு போகல. பொம்பளையாளுக பக்கத்துல இருந்து ரெண்டு மூணு பேரு தலைய ஆட்டுனாங்க, அவங்களுக்குத்தான் மடி தெரியும். ஆதியாகமம் பேசல. உபதேசியாரு ஜனவரில வேதபாடத்துக்கு வரச் சொல்லியிருக்காரு, அங்க பேசலாம்னு இருக்கேன். வாத்தியார் ஐயா, பதினேழு நிமிசம் ஆயிருச்சு, மன்னிச்சுருங்க.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா, 'அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லுய்யா'ன்னாங்க. லூஓன்னேன். 'லூஓ'ன்னு அவங்களும் சொல்லிப் பாத்துட்டு கொழம்ப ஊத்துனாங்க.

தனியா முட்டி போட்டு ஜெபிக்கிறது இன்னும் எனக்கு முன்ன மாதிரி வரல, அத உள்ளபடி சொல்லிர்றேன். நேத்து மறுபடி வார்டுக்குப் போனோம். அந்தக் கட்டில்ல வேற ஆளு இருந்தாரு, பழையவர வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்தேன். பேரு கேட்டேன், வீட்டம்மா பேரு, ரெண்டு புள்ளைக பேரு, பெரிய மகளுக்கு வயித்துல புள்ள இருக்காம், அதுக்கு இன்னும் பேரு இல்ல. நாலு பேரையும் சொல்லி, அந்தப் புள்ளையையும் சொன்னேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வரல. அவரு ஆமென்னு சொல்லிட்டு, தலகாணிய கொஞ்சம் மேல தூக்கி வையி தம்பின்னாரு.

நாளைக்கு கிரேக்கம் டெஸ்ட். படிக்கப் போறேன்.